தொழில் முயற்சியும் தேக பரிபாலனமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், அமெரிக்க நாட்டின் செயிண்ட் லூயிஸ் நகரத்திலே, பிறர் வீட்டு அழுக்குத் துணிகளை வெளுத்து, நாளொன்றுக்கு ஒன்றரை டாலருக்கும் குறைவாக ஈட்டி, தந்தையை இழந்த ஒரே மகளை வளர்த்துக்கொண்டிருந்த சாரா பிரீட்லவ் என்னும் கறுப்பினப் பெண்மணி, ஒரு நாள் தொட்டியின்மேல் குனிந்தபடி, சோப்பு நுரையில் அமிழ்ந்திருந்த தம் கைகளைப் பார்த்து, வயோதிகம் வந்து முதுகு வளையாத காலத்தில் தாம் என்ன செய்வது, தம் மகளைக் காப்பவர் யார் என்று எண்ணியதாகப் பின்னாளில் தாமே சொல்லியிருக்கிறார். 1867-இல் லூயிசியானாவில், அடிமைகளாய் இருந்து விடுதலை பெற்ற தாய்தந்தையருக்குப் பிறந்த அவர், ஏழு வயதில் அநாதையாகி, பதினான்கில் மணம் முடித்து, இருபதில் கைம்பெண்ணானவர். மேடம் சி. ஜே. வாக்கர் என்ற பெயரில் உலகம் பிற்காலத்தில் அறிந்துகொண்ட பெரும் தொழிலதிபர் இவரே.

அவருடைய தொழில் அவருடைய தலையிலிருந்தே தோன்றியது. குழாய் நீர் வராத ஏழை வீடுகளில் தலைமுழுகுவதென்பது அடிக்கடி கைகூடாத காரியமாய் இருந்தமையால், உச்சந்தலையில் பொடுகும் புண்ணும் பற்றி முடி உதிரும் நோய் அக்காலத்துக் கறுப்பினப் பெண்களிடையே சாதாரணமாக இருந்தது. சாராவும் அதற்கு இலக்கானார். முதலில் ஆனி மலோன் என்னும் மற்றொரு பெண்மணியின் தைலங்களை வீடு வீடாக விற்று அநுபவம் பெற்று, 1906-இல் தம் புதிய பெயரால் தனி வியாபாரம் தொடங்கி, 1910-இல் இண்டியானாபொலிஸ் நகரில் ஆலை நிறுவி, ஆயிரக்கணக்கான பெண்களைப் பயிற்றி, தம் முறையைப் பரப்ப அனுப்பினார். கந்தகம் சேர்ந்த களிம்பொன்று அவர் டப்பாவில் இருந்தது உண்மையே. ஆயினும் அவருடைய முகவர்கள் கற்பித்ததோ, தலையைத் தவறாது சுத்தம் செய்து, தூரிகையால் வாரி, பின்பு களிம்பிட்டு, இதனை விடாமல் செய்துவரும் நியமமேயாகும். களிம்பினும் அந்த நியமமே பெரிய காரியம் செய்தது என்பது என் எண்ணம்.

இத்தனை பெண்களுக்கு நியமம் கற்பித்த அந்த அம்மையார், தம் தேகத்துக்கு ஒரு நியமத்தை அளிக்க முடியாமற் போனார். ஊர் ஊராகப் பிரசங்கம், ரயில் பிரயாணம், முகவர் கூட்டம், கடிதக் குவியல் என்று ஓடிய வாழ்க்கையில் இரத்தக் கொதிப்பு மிகுந்து சிறுநீரகங்களைத் தாக்கியது. 1917-இல் பிலடெல்பியாவில் தம் முகவர்களின் மாநாட்டை நடத்திய அவரை, அவ்வாண்டின் பிற்பகுதியில் மருத்துவர்கள் மிச்சிகனிலுள்ள பேட்டில் கிரீக் ஆரோக்கிய நிலையத்துக்கு ஓய்வெடுக்க அனுப்பினார்கள். ஆனால் ஓய்வு நீடிக்கவில்லை. நியூயார்க்குக்கு அருகே ஹட்சன் நதிக்கரையில் கட்டிய மாளிகை 1918-இல் முடிந்தது. மறு ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள், தம் 51-ஆம் வயதில், அம்மாளிகையிலேயே அவர் உயிர் நீத்தார்.

அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. இரத்தக் கொதிப்பைத் தணிக்கும் தக்க மருந்துகள் 1950-களில்தான் வரத் தொடங்கின. அவர் காலத்தில் ஓய்வு ஒன்றே ஔஷதம். அதுவோ, நிறத்தாலும் பெண் என்பதாலும் ஒவ்வொரு வாயிலிலும் தடுக்கப்பட்ட ஒருவர் எளிதில் வாங்கக்கூடிய பண்டமாய் இருக்கவில்லை. ஆனால் மருந்தும் வசதியும் வந்துவிட்ட இந்நாளில் நாம் அவ்வழியே நடப்பதற்கு நியாயம் இல்லை.

1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாடெங்கும் பரவியதன் பயனாக, மாவு அரைத்து விற்பவரும், தையற்கடை வைப்பவரும், ஊறுகாய் மசாலா என்று வீட்டிலிருந்தே வியாபாரம் செய்பவருமாகப் பெண்கள் பலர் சொந்தக் காலில் நிற்கத் தலைப்பட்டிருக்கிறார்கள். இவர்களும், புதிதாய்க் கம்பெனி தொடங்கி இரவு பகலாய்க் கணினியின் முன் அமர்ந்திருக்கும் இளைஞர்களும், ஒருவரைப் போலவே மற்றவரும் சொல்லும் வார்த்தை ஒன்றுண்டு: “தொழில் ஒரு நிலைக்கு வரட்டும், அப்புறம் உடம்பைப் பார்த்துக்கலாம்.” தேகம் அப்படிக் காத்திருப்பதில்லை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 1990-களில் நடந்த ஆராய்ச்சி ஒன்றில், பல் மருத்துவ மாணவர்களின் வாயினுள்ளே மூன்றரை மில்லிமீட்டர் அளவில் சிறு புண் ஒன்றை விடுமுறைக் காலத்திலும், அதே போன்ற மற்றொன்றைத் தேர்வுக்குச் சற்று முன்பும் உண்டாக்கிப் பார்த்தபோது, தேர்வுக் காலத்துப் புண் ஆறுவதற்குச் சராசரி 40 சதவீதம் அதிக நாள் பிடித்தது. இளமையும் அறிவும் நிறைந்தவர்களுக்கே மனக்கவலை இவ்வாறு செய்யுமாயின், கடன் தவணையும், சரக்குத் தேக்கமும், கூலி பட்டுவாடாவுமாக ஆண்டு முழுதும் தேர்வெழுதுபவர் நிலை என்னாகும்?

மாவு விற்கும் பெண்மணியின் கைகளைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். விடியுமுன் எழுந்து அரிசி களைந்து, உளுந்து கழுவி, கிரைண்டரை அலம்பி, பாத்திரம் துலக்கி, கை உலர்வதற்கு இடமில்லாமலே பொழுது விடிந்துவிடும். நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையே தோல் வெளுத்து, ஊறி, நடுவில் சிவந்த புண்ணாய்ப் பிளந்திருக்கும். மோதிரத்தின் அடியில் ஈரம் தங்கி அரிக்கும். நகத்தைச் சுற்றிய சதை வீங்கியிருக்கும். உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாக உடம்பின் வெளித்தோலின் மேலடுக்கு தலைமயிரிலும் மெல்லிய ஏடு. சிறிது கொழுப்பும், சிறிது அமிலத்தன்மையுமே அதற்குக் காவல். சோப்பும் பாத்திரம் துலக்கும் பொடியும் காரத்தன்மை மிக்கவையாதலால் அக்காவலை ஒவ்வொரு கழுவலிலும் சற்றே அரித்துவிடுகின்றன. இதற்கு வேண்டிய பரிகாரமோ மிக எளியது: ஈர வேலை தொடங்குமுன் மோதிரத்தைக் கழற்றி வைத்தல், பாத்திரம் துலக்கும்போது கையுறை அணிதல், வேலை முடிந்தவுடன் விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்தி, தேங்காயெண்ணெயோ வாசலினோ கைகளில் பூசுதல். விரலிடுக்கில் புண் ஏற்கெனவே இருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை பற்றியதாதலால், எண்ணெயோடு நில்லாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வெளியே அலைந்து சரக்குப் போடுபவருக்கு முகமே முதற்கவலை. வெயிலின் புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதி கண்ணாடியையும் ஊடுருவும் என்பதால், காரினுள் அமர்ந்து போகிறவரும், ஜன்னலோர மேஜைக்காரரும் தப்பியவர் அல்லர். நம்முடைய நிறம் நமக்கு ஓரளவு கவசமே. ஆயினும் கன்னத்திலும் நெற்றியிலும் படரும் மங்கு வெயிலால் அதிகரிக்கும் தன்மையது. எஸ்.பி.எஃப். 30 அளவுள்ள சன்ஸ்கிரீனை, ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி, முகத்திலும் கழுத்திலும் புறப்படுமுன் பூச வேண்டும். பட்டாணியளவு தொட்டுத் தடவினால் பாதிப் பயன்கூடக் கிட்டாது. வெயிலிலேயே நிற்பவர் இரண்டு மணிக்கொரு முறை மீண்டும் பூசுவது அவசியம். காலையில் மிதமான சோப்பில் முகங்கழுவி இதனைப் பூசுதல், இரவில் கழுவி ஈரப்பசை காக்கும் கிரீமொன்றைத் தடவுதல், இவ்வளவே போதும். மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு மாதமும், வயது ஏற ஏற அதற்கு மேலும் ஆகும்; ஆதலால் ஒரு வாரத்தில் பலன் காணவில்லை என்று புட்டியை மாற்றிக்கொண்டே போவது வீண் செலவு.

அவசரம் ஓரிடத்தில் வெறும் வீணாக இராமல் கேடாகவே முடிகிறது. வாடிக்கையாளர் முன் நிற்க வேண்டும், விளம்பரத்துக்குப் படம் எடுக்க வேண்டும் என்ற ஆவலால், மருந்துக் கடையில் யாரோ சொல்லக் கேட்டு, ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கிச் சிவப்பழகுக்காக முகத்தில் பூசிக்கொள்கிறவர்கள் நம்மிடையே அநேகர். முதல் சில வாரம் முகம் பளிச்சென்று தோன்றும். பின்பு தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, பருக்கள் கிளம்பி, பூனைமயிர் வளரத் தொடங்கும். நிறுத்தினாலோ எரிச்சலும் சிவப்பும் பொறுக்க முடியாமல் மறுபடியும் அதையே நாட நேரும். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென்று 2018-இல் மத்திய அரசு விதித்தது. விதி இருந்தும் விற்பனை நிற்கவில்லை என்பது மிகுந்த வருத்தத்துக்குரியது. மாநிறத்தை ஒரு குறையென்று நினைப்பதை நாம் விட்டாலன்றி இது நிற்காது.

இனி, இந்த நியமத்தை விடாமல் பற்றிக்கொள்வது எவ்வாறு? நம் முன்னோர் எண்ணெய் முழுக்குக்கு ஆடவருக்குப் புதன் சனி என்றும், பெண்டிருக்குச் செவ்வாய் வெள்ளி என்றும் கிழமை குறித்துவைத்தார்கள். நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் அவ்வழக்கம் இத்தனை தலைமுறை நிலைத்திராது. எண்ணெய் தேய்ப்பதன் குணம் பற்றிக் கருத்து வேறுபடலாம். நாள் குறித்ததன் விவேகத்தை எவரும் மறுக்க முடியாது. தொழில் செய்பவரும் தம் உறக்கத்தையும், உணவையும், நடையையும், முகங்கழுவுதலையும், கடை திறக்கும் நேரத்தைப் போல நேரம் குறித்து வைத்துக்கொள்ளட்டும். இவற்றுள் உறக்கத்தை முதலாவதாக வைப்பேன்; ஏழு மணி நேரம் உறங்காதவர் முகத்துக்கு எந்தக் களிம்பும் கைகொடுக்காது. ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடர்ந்தால் போதும். தவறிய நாளை ஈடுகட்ட இருமடங்கு செய்ய வேண்டியதில்லை.

சொந்தத் தொழில் நடத்தும் அன்பர்களுக்கு, விசேஷமாய் முப்பது வயதைக் கடந்தவர்களுக்கு, ஒரு வேண்டுகோள்: இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வலியோ அறிகுறியோ காட்டாது வளர்வது, அதை அளந்து பார்ப்பதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணம் இல்லை, சில நிமிஷங்களுக்கு மேல் ஆவதுமில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இந்த வாரத்திலேயே ஒரு நாள், கடையைத் திறக்குமுன், போய்ப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.