பதினெட்டு வயதிலேயே இருந்த மூச்சு

2003 ஏப்ரல் 13 அன்று லண்டன் மாரத்தானில் பிரிட்டனின் பவுலா ராட்கிளிஃப் 42.195 கிலோமீட்டரை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி முடித்தார். தன் பெயரிலேயே இருந்த உலக சாதனையில் ஏறக்குறைய இரண்டு நிமிடத்தைக் குறைத்துவிட்டார். அதிலும் முதல் பாதியைவிட இரண்டாம் பாதியை 39 விநாடி வேகமாக ஓடியிருந்தார். அந்த நேரத்தை இன்னொரு பெண் முந்துவதற்கு 2019 அக்டோபர் வரை, பதினாறரை ஆண்டுகள் ஆயின.

இப்படிப்பட்ட ஓட்டத்தைப் பார்த்தால் 'பிறவியிலேயே வந்த திறமை' என்று சொல்லிவிடத் தோன்றும். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, ஆண்ட்ரூ ஜோன்ஸ் என்ற உடலியல் ஆய்வாளரின் பரிசோதனைக் கூடத்தில் பதிவாகியிருக்கிறது. ராட்கிளிஃப் பதின்வயதில் இருந்தபோதே அவரைச் சோதிக்கத் தொடங்கியவர் ஜோன்ஸ். ட்ரெட்மில்லில் ஓடவிட்டு, வெளிவிடும் காற்றைச் சேகரித்து, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, இடையிடையே விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்து, உடல் கடுமையாக உழைக்கும்போது அதில் சேரும் லாக்டேட் அளவைப் பார்ப்பார்கள். உலகத்தரத்தில் ஓடும் ஒரே பெண்ணை இத்தனை ஆண்டுகள் தொடர்ந்து அளந்த பதிவுகள் மிக அபூர்வம்.

அந்தப் பதிவில் வியப்பூட்டுவது மாறாமல் நின்ற ஓர் எண். உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் என்பதுதான் நெடுந்தூர ஓட்டக்காரர்களின் முதல் அளவுகோல். ராட்கிளிஃபுக்கு அது கிலோ எடைக்குச் சுமார் 70 மில்லிலிட்டர். 1992-ல் ஜூனியர் உலக கிராஸ் கன்ட்ரி பட்டம் வென்ற பதினெட்டு வயதிலும் அவ்வளவுதான். உலக சாதனை படைத்த 2003-லும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

மாறியது செலவு. 1992-ல் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கிலோமீட்டர் ஓட, கிலோ எடைக்கு 205 மில்லிலிட்டர் ஆக்சிஜன் தேவைப்பட்டது. 2003-ல் 175 போதுமானதாக இருந்தது. இன்ஜின் அதேதான், மைலேஜ் ஏறியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த வேகத்துக்குத் தன் முழுத் திறனில் சுமார் 78 சதவீதத்தைச் செலவிட்டவர், பின்னர் 67 சதவீதத்திலேயே அதை ஓடியிருக்கிறார். லாக்டேட் ரத்தத்தில் ஏறத் தொடங்கும் வேகமும் அதற்கேற்ப உயர்ந்தது.

எப்படி இது நடந்தது என்பதற்கு ஜோன்ஸின் அளவீடுகளில் ஒரு துப்பு உண்டு. ராட்கிளிஃப் நின்ற இடத்திலிருந்து குதிக்கும் உயரம் கூடியது. ஆனால் குனிந்து கால்விரலைத் தொடும் வளைவுத்தன்மை குறைந்தது. தசை நாண்கள் விறைப்பேறியிருக்கலாம். விறைப்பான நாண், பாதம் தரையில் படும்போது ஆற்றலைச் சேமித்து, அடுத்த எட்டில் திருப்பித் தரும். தசை அந்த அளவுக்குக் குறைவாக உழைத்தால் போதும். ஆண்டுக்கு ஆண்டு ஓடிய கிலோமீட்டர்கள்தான் இந்த மாற்றத்தைத் தந்தன என்றே நான் நம்புகிறேன். பதினெட்டு வயதுப் பெண்ணின் ஒரே ஒரு சோதனை முடிவை வைத்து அவர் எதிர்காலத்தைக் கணிப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதும் இதில் தெரிகிறது.

ராட்கிளிஃபின் ஓட்ட வாழ்க்கை வெற்றிப் பயணமாக மட்டும் இருக்கவில்லை. ஓடும்போது தூண்டப்படும் ஆஸ்துமா அவருக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் பெரும்பகுதி முன்னால் ஓடியும், கடைசிச் சுற்றில் எத்தியோப்பியாவின் தெரார்த்து துலு, கெத்தே வாமி, போர்ச்சுகலின் ஃபெர்னாண்டா ரிபெய்ரோ ஆகிய மூவரும் தாண்டிச் செல்ல, நான்காமிடமே கிடைத்தது. கடைசி நானூறு மீட்டர்ப் பாய்ச்சல் அவரிடம் இல்லை. சீரான வேகத்தை நீண்ட நேரம் தாங்கும் உடல் மாரத்தானுக்கே உரியது. 2004 ஏதென்ஸ் வெயிலில் அந்த உடலும் கைவிட்டது. கால் காயத்துக்கு எடுத்த மருந்து வயிற்றைப் பாதித்து, உண்டது உடலில் சேராமல் போனதால் சுமார் 36-வது கிலோமீட்டரில் நின்றுவிட்டார். சாலையோரத்தில் அமர்ந்து அழுதார். அடுத்த ஆண்டே ஹெல்சின்கியில் உலக சாம்பியன் ஆனார்.

2007 ஜனவரியில் மகள் பிறந்தாள். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாரத்தானுக்கு வந்து நின்றார். சிட்னியில் தன்னை முந்திய அதே கெத்தே வாமி, தொடக்கத்திலிருந்தே நிழல்போல் பின்னால் வந்து, சென்ட்ரல் பார்க்கில் முடிவுக்கோடு நெருங்கும்போது பாய்ந்து முன்னேறினார். ராட்கிளிஃப் உடனே பதிலுக்குப் பாய்ந்தார். 2 மணி 23 நிமிடம் 9 விநாடியில் கோட்டைத் தொட்டார். வாமி வந்து சேர இன்னும் 23 விநாடி ஆனது.