காளவாசலில் வீடு, கடல் தாண்டி வேலை

வெளிநாட்டுக்குப் போகிறவர் அறிவுரைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. எந்தக் கடையில் அரிசி மலிவு, எந்த பஸ் எங்கே போகும், சூப்பர்வைசரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதையெல்லாம் அறையில் உடன் தங்கியிருப்பவர் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார். பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில்: ஊரில் விட்டுவந்த சேமிப்புக் கணக்கு, ஒத்திக்கு விட்ட வீடு, அண்ணனுக்கு எழுதிக் கொடுத்த பவர், ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன சிம் கார்டு. இவற்றைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர்கள் துபாயிலோ சிங்கப்பூரிலோ இல்லை. மதுரையில் தேனி ரோடும் பைபாஸ் ரோடும் குறுக்கிடும் காளவாசல் பக்கம் இருக்கிறார்கள். ஆடிட்டர், வங்கி ஊழியர், பத்திர எழுத்தர், வீட்டு புரோக்கர். செக்கானூரணி, உசிலம்பட்டி பக்கத்துக்காரர்கள் நகருக்குள் நுழைகிற வாசலும் இதுதான் என்பதால், வெளிநாட்டுப் பணம் தொடர்பான எல்லா வகைச் சிக்கலையும் அவர்கள் பார்த்திருப்பார்கள்.

முதலில் வங்கி. வேலைக்காக இந்தியாவை விட்டுக் கிளம்பியவர், ஃபெமா எனப்படும் 1999ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, அப்போதே வெளிநாடுவாழ் இந்தியர் ஆகிவிடுகிறார். வருமான வரிக்குத்தான் 182 நாள் கணக்கெல்லாம். வங்கிக் கணக்குக்கு அது பொருந்தாது. சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு அதில் சம்பளத்தை அனுப்பிக்கொண்டிருப்பது விதிமீறல். "பத்து வருசமா அப்படித்தான் வச்சிருக்கேன், ஒண்ணும் ஆகல" என்பவர் ஏராளம். ஒன்றும் ஆகாமல்தான் இருக்கும், வீடு வாங்கவோ விற்ற பணத்தை வெளியே கொண்டுபோகவோ போகிற நாள்வரை.

கணக்கு இரண்டு வகை. வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போடுவதற்கு என்ஆர்இ. இதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. அசலையும் வட்டியையும் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துச் செல்லலாம். ஊரில் வருகிற வாடகை, பென்ஷன், விளைச்சல் பணம் போன்றவற்றுக்கு என்ஆர்ஓ. பழைய சேமிப்புக் கணக்கை இதற்குத்தான் மாற்றச் சொல்வார்கள். இதன் வட்டியில் 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். என்ஆர்ஓ பணத்தை வெளியே கொண்டுபோகவும் வழி உண்டு: வரி கட்டிய ஆதாரத்தோடு ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை. நம்மில் பலருக்கு அந்த வரம்பு குறுக்கே வரப்போவதில்லை!

ஊரில் அம்மா அப்பா செலவுக்கு எடுக்க வேண்டுமே? அதற்காக ஏடிஎம் கார்டையும் ரகசிய எண்ணையும் கொடுத்துவிட்டுப் போகிற பழக்கம் நமக்கு உண்டு. அது தேவையில்லை. உங்கள் கணக்கை உள்ளூர்ச் செலவுகளுக்கு இயக்க, ஊரில் இருக்கும் ஒருவருக்கு 'மேண்டேட்' என்ற அனுமதிக் கடிதம் தரலாம். வங்கியிலேயே படிவம் இருக்கும். சேமிப்பைப் பொறுத்தவரை, புதிதாக பிபிஎஃப் (பொது வருங்கால வைப்புநிதி) தொடங்க வெளிநாடுவாழ் இந்தியருக்கு வழியில்லை. போகும் முன்பே தொடங்கியதை முதிர்வு வரை ஓட்டலாம்.

பணம் அனுப்புவதில் உண்டியல்காரர் அரை மணி நேரத்தில் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுப்பார், நாலு காசு கூடவும் கிடைக்கும். ஆனால் அது சட்டவிரோதம் என்பதோடு, அந்தப் பணத்துக்கு முகவரியே கிடையாது. நாளை அதில் வாங்கிய வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று வரித்துறை கேட்டால் காட்ட ஒரு தாள்கூட இருக்காது.

செல்போன் எண் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆதார், வங்கி, பான், வருமான வரிக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஓடிபி வருவது அந்த ஒரே எண்ணுக்குத்தான். 90 நாள் பயன்படுத்தாமல் பேலன்ஸும் இல்லாமல் கிடந்தால் ப்ரீபெய்டு எண்ணைத் துண்டித்துவிடலாம் என்பது விதி. பிறகு அதே எண் வேறொருவருக்குப் போய்ச் சேரும். குறைந்த கட்டணத் திட்டம் ஒன்றைப் போட்டு ரோமிங்கில் எஸ்எம்எஸ் வருகிறதா என்று விமானம் ஏறும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். 2023 ஜனவரியில் சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, கத்தார், ஓமன் உள்ளிட்ட 10 நாடுகளின் எண்களிலேயே, என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கோடு யுபிஐ பயன்படுத்த அனுமதி கிடைத்தது. அதற்காக ஊர் எண்ணைக் கைவிட்டுவிட முடியாது, ஆதார் அதைத்தான் கேட்கும்.

இனி வீடு. மதுரையில் வாடகையைவிட ஒத்தி பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். பொன்மேனியில் ஒரு மாடி வீடு இருக்கிறது, அபுதாபியில் வேலை கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாடியை 6 லட்சத்துக்கு மூன்று வருட ஒத்திக்கு விடுகிறீர்கள். குடியிருப்பவர் மாத வாடகை தர மாட்டார். காலி செய்யும்போது 6 லட்சத்தை அப்படியே திருப்பித் தர வேண்டும். கையில் வந்த பணம் விசாவுக்கும் தங்கை கல்யாணத்துக்கும் போய்விடும். மூன்று வருடம் கழித்து குடியிருப்பவர் காலி செய்கிறேன் என்பார், உங்களிடம் பணம் இருக்காது. புது ஒத்திக்காரரைப் பிடித்து அவர் தரும் பணத்தில் பழையவருக்குக் கொடுப்பதுதான் வழக்கம். ஆள் கிடைக்கத் தாமதமானால் வயதான அப்பா வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒத்திப் பணம் வருமானமே கிடையாது, கடன். அதை என்ஆர்ஓ கணக்கில் வைப்புநிதியாகப் போட்டுவிட்டு வட்டியை மட்டும் வாடகையாக நினைத்துக்கொள்பவருக்குத்தான் ஒத்தி லாயக்கு. மற்றவர்கள் வாடகைக்கே விடலாம் என்பது என் கருத்து.

எதுவானாலும் ரொக்கம் வேண்டாம். கடனாகவோ வைப்பாகவோ 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் இடம் தருவதில்லை. ஒத்தித் தொகை வங்கி வழியாகவே வரட்டும். வாடகை ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைப்பதோடு முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். பிணக்கு என்று வந்தால் அந்தப் பதிவு இல்லாத வீட்டுக்காரர் கை பலவீனப்படும். சொத்து வரியையும் மறக்க வேண்டாம்: அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. இணையத்தில் எங்கிருந்தும் கட்டலாம்.

சம்பாதித்த கையோடு நம்மவர்களுக்கு வருகிற அடுத்த ஆசை நிலம். சோழவந்தான் பக்கம் ஒரு தென்னந்தோப்பு, வாடிப்பட்டியில் இரண்டு ஏக்கர் நஞ்சை. இங்கேதான் பத்திர எழுத்தர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தையோ தோட்டத்தையோ பண்ணை வீட்டையோ விலைக்கு வாங்க முடியாது, தானமாகப் பெறவும் முடியாது. வீட்டையும் கடையையும் எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். பரம்பரையாக வந்த வயல், வெளிநாடு போகும் முன்பே வாங்கிய வயல் ஆகியவற்றை வைத்துக்கொள்ளலாம். "அப்ப அப்பா பேர்ல வாங்கிப் போடுறேன்" என்பதுதான் அடுத்த பதில். பத்திரத்தில் யார் பெயரோ நிலம் அவருடையது. அப்பா உயில் எழுதாமல் போனால் அண்ணன், தங்கை, அம்மா எல்லோருக்கும் பங்கு உண்டு. பணம் அனுப்பியது யார் என்று அப்போது யாரும் கேட்க மாட்டார்கள். அப்பாவிடம் உயில் பற்றிப் பேசுவது சங்கடம்தான். பேசாமல் விட்டவர்கள் கோர்ட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

சொத்தை விற்கும்போது இன்னொரு இடத்தில் இடறுவார்கள். உள்ளூர்க்காரரிடம் 50 லட்சமோ அதற்கு மேலோ கொடுத்து வீடு வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்தால் போதும். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் அந்த விகிதமும் செல்லாது, 50 லட்ச வரம்பும் கிடையாது. மூலதன ஆதாய வரி விகிதத்தில், அதுவும் பெரும்பாலும் முழு விலையின் மேல், பிடிக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு உண்மையில் வரும் வரி அதைவிடக் குறைவு என்றால் முன்கூட்டியே வருமான வரித்துறையிடம் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் வாங்கிவிடலாம். கிரயத்துக்கு நாள் குறிக்கும் முன்பே ஆடிட்டரைப் பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான். பத்திரம் முடிந்தபின் போனால், பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்டு ரிட்டர்ன் போட்டுக் காத்திருக்கத்தான் அவரால் உதவ முடியும்.

பவர் எழுதிக் கொடுப்பது பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும்: எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பொது அதிகாரம் கொடுக்காதீர்கள். பட்டா மாற்றவோ வாடகை வசூலிக்கவோ மின் இணைப்புப் பெயர் மாற்றவோ என்றால் அந்த வேலையை மட்டும் குறிப்பிட்டு எழுதுங்கள். விற்கும் அதிகாரம் வேண்டுமென்றால் எந்தச் சொத்து, எந்தச் சர்வே எண் என்று வரம்பு கட்டுங்கள். வெளிநாட்டில் இருந்தபடி எழுதினால் இந்தியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ அதிகாரி முன் கையெழுத்திட்டுச் சான்று பெற வேண்டும். அந்தப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும்; இதற்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தை அணுக வேண்டும். கூரியரில் வந்ததைப் பிரிக்காமல் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. பவர் வைத்து விற்கும்போது, கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்ற சான்றையும் சார்பதிவாளர் கேட்பார். உங்களுக்குத் தெரியாமல் சொத்தில் ஏதாவது நடந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு யாரையும் கெஞ்ச வேண்டாம். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தை இலவசமாகப் பார்க்கலாம். பட்டாவும் சிட்டாவும் அரசின் இணையச் சேவையில் கிடைக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இனி பெட்டி கட்டுவது. அம்மா அரைத்துக் கொடுக்கிற குருமாப் பொடியிலும் சால்னா மசாலாவிலும் கசகசா இருக்கும். நமக்கு அது மளிகை. அமீரகத்திலும் சவுதியிலும் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருவது. சிங்கப்பூரிலும் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. விமான நிலையத்தில் ஸ்கேன் செய்கிற அதிகாரிக்கு நம் வீட்டு மணம் தெரியாது. கசகசா இல்லாமல் அரைக்கச் சொல்லுங்கள், முந்திரி போட்டால் குருமா கெட்டுவிடாது. டிரமடால் வகை வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு வளைகுடா நாடுகளில் முன் அனுமதி வேண்டும். மற்ற மருந்துகளையும் டாக்டர் சீட்டோடு, பிரிக்காத அட்டையில் கொண்டுபோங்கள். லேபிள் இல்லாத சூரணம், லேகியம் வேண்டவே வேண்டாம். மெல்லும் புகையிலையும் வேப்பும் சிங்கப்பூரில் தடை. அடுத்தவர் கொடுக்கும் பார்சலை, கொடுப்பவர் சொந்தக்காரரே ஆனாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். திரும்பி வரும்போது "இந்தச் செயினை மட்டும் போட்டுட்டுப் போங்க, மதுரை ஏர்போர்ட்ல ஆள் நிப்பாங்க" என்பவரிடமும் அதே பதில்தான். கடத்தல் 'குருவி' என்று ஒருமுறை பெயர் விழுந்தால் அழிக்க முடியாது.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு இன்னும் சில விதிகள் உண்டு. அவர்கள் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இ-மைக்ரேட் தளத்தின் வழியாக அனுமதி பெற வேண்டும். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதும் அதே தளத்தில் தெரியும். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ஒன்றரை லட்சம் கேட்டால் அது எதற்கு என்று கேளுங்கள், ரசீது கேளுங்கள். பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு இவர்களுக்குக் கட்டாயம்: இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், விபத்து மரணத்துக்கு 10 லட்சம். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவரை நம்ப வேண்டாம். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய் மியான்மரில் மோசடிக் கும்பலிடம் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்களை 2022இல் அரசு மீட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது.

தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்தில் உறுப்பினராகிவிடுங்கள், இணையத்திலேயே பதியலாம். வெளிநாட்டில் சம்பளப் பாக்கி, பாஸ்போர்ட் பிடுங்கி வைத்தல் போன்ற சிக்கல் வந்தால் வெளியுறவுத் துறையின் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் புகார் பதிந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊரில் வீட்டாருக்கும் அந்த எண்ணை அனுப்புங்கள், அவர்களும் தொடர்ந்து விசாரிக்கலாம்.

அடுத்த லீவுக்கு வருகிறபோது கோயில், விருந்து, காதுகுத்து எல்லாம் இருக்கும். வந்த முதல் வாரத்திலேயே ஒரு வேலைநாளை ஒதுக்கி, காலையில் வங்கி, மதியம் ஆடிட்டர், சாயங்காலம் பத்திர எழுத்தர் என்று முடித்துவிடுங்கள். கடைசி இரண்டு நாளுக்குத் தள்ளிப் போட்டால் அன்றைக்குப் பார்த்து சர்வர் டவுன் என்பார்கள்.