ஆம்பை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியே செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலையில் கார் ஓட்டுபவர்களில், வாங்கும்போது இருந்த ஸ்பீக்கரோடு நிற்காதவர்கள் உண்டு. ஊஃபரும் ஆம்பும் வெளியே வாங்கிப் பொருத்துகிறார்கள். தாளம் ஓங்கும் இடத்தில் ஆம்ப் அணைந்து, மறுபடி உயிர் பெற்றால் ‘ஆம்ப் போச்சு’ என்றோ ‘பேட்டரி வீக்’ என்றோ முடிவு கட்டிவிடுகிறோம். இரண்டுமே அவசர முடிவுகள். முதலில் சந்தேகிக்க வேண்டியது, பேட்டரிக்கும் ஆம்புக்கும் இடையே உள்ள வழியை; அதிலும் எர்த்தை.

கணக்கைப் பாருங்கள். 60 சதவீதத் திறனுள்ள ஆம்ப், ஸ்பீக்கருக்கு 500 வாட் தர வேண்டுமானால் 13.8 வோல்ட்டில் சுமார் 60 ஆம்பியர் இழுக்கும். பெயிண்ட்டைச் சுரண்டாமல் முடுக்கிய எர்த் இணைப்பில் 0.02 ஓம் தடை இருந்தாலே 1.2 வோல்ட் அங்கே தொலைந்துவிடும். 72 வாட் வெப்பமாகும். இப்படி இழப்புகள் சேர்ந்து வோல்ட் இறங்கினால், பல ஆம்ப்கள் 10, 11 வோல்ட்டுக்கு அருகே தாமாகவே அணையும். தாமிர முலாம் பூசிய அலுமினிய வயரைத் தாமிரம் என்று நம்பி வாங்கியிருந்தால் இழப்பு இன்னும் கூடும். அலுமினியத்தின் கடத்தும் திறன் தாமிரத்தில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். தோல் பட்டறை ஊர்களுக்குத் தனிக் கவலை ஒன்றும் உண்டு. தோலில் முடி நீக்க சோடியம் சல்ஃபைடு பயன்படுகிறது. அந்தக் கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு தாமிரத்தைக் கறுக்க வைக்கும். டேனரி ஓரம் தினமும் வண்டி நிறுத்துபவர்கள் வயர் முனையில் உள்ள லக்கைக் கழற்றி உள்பக்கம் பார்ப்பது நல்லது.

‘மல்டிமீட்டர் வைத்தோம், பீப் வந்தது, வயர் சரிதான்’ என்பார்கள். அந்தச் சோதனையில் 0.02 ஓம் பிடிபடாது. கரண்ட் ஓடும்போதுதான் குறை வெளிப்படும். என்ஜினை ஓடவிட்டு, பேஸ் கனமான பாட்டை உரக்க வையுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஆம்பின் எர்த்திலும் தொடுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதையில் கோளாறு. ஆம்ப் பக்க முனையை லக், பாடித் தகடு என்று ஒவ்வொரு இடமாக நகர்த்தினால், எங்கே வோல்ட் இறங்குகிறதோ அங்கேதான் குற்றவாளி. பாசிட்டிவ் பக்கத்துக்கும் இதே சோதனைதான்.

பெரிய பேட்டரி போட்டால் தீராதா? என்ஜின் ஓடும்போது சுமையைத் தாங்குவது ஆல்டர்னேட்டர். கெட்ட இணைப்பைப் பெரிய பேட்டரி திருத்தாது. கெப்பாசிட்டரும் அப்படித்தான்: 1 ஃபாரட் கெப்பாசிட்டர் 1 வோல்ட் இறங்குவதற்குள் 60 ஆம்பியரை ஒரு வினாடியில் அறுபதில் ஒரு பங்கு நேரமே தரும். உண்மையிலேயே ஆல்டர்னேட்டர் பலவீனமாக இருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. அப்படியானால் பேட்டரி முனையிலேயே வோல்ட் சரியும். புதிய கார்கள் சிலவற்றில் மைலேஜுக்காக வோல்ட்டைக் கணினி வேண்டுமென்றே குறைக்கும்; அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். வோல்ட் எல்லாம் சரியாக இருந்தும் வேலூரின் சித்திரை வெயிலில் மதியம் மட்டும் ஆம்ப் அணைந்து, ஆறியதும் திரும்பினால் காரணம் சூடு. டிக்கியில் ஆம்பைச் சுற்றிக் காற்றுக்கு இடம் விடுங்கள்.

ஒன்றில் மட்டும் சமரசம் கூடாது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரியதை மாட்டாதீர்கள். ஃபியூஸ் காப்பது ஆம்பை அல்ல, வயரை. அதன் அளவு வயரின் தாங்குதிறனைத் தாண்டக் கூடாது. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டி வைத்தால், இடைப்பட்ட வயர் உரசி பாடியில் பட்டதும் தடுக்க எதுவும் இல்லாமல் தீப்பிடிக்கும்.