பட்டப்பகலில் மங்கலான லேசர் ஒளியைப் பிடிப்பது எப்படி?

தரையிலிருந்து சுமார் 80 முதல் 105 கிலோமீட்டர் உயரத்தில் சோடியம் அணுக்கள் மிதக்கின்றன. எரிந்துபோன விண்கற்கள் விட்டுச்சென்றவை அவை.

அவற்றின்மீது மஞ்சள் லேசர் ஒளியைப் பாய்ச்சினால் கொஞ்சம் திரும்பி வரும். அதை வைத்து அங்குள்ள வெப்பநிலையைக் கணக்கிடலாம்.

இரவில் பிரச்சினை இல்லை. ஆனா பகலில்? சூரிய வெளிச்சத்தில் அந்த ஒளி காணாமல் போய்விடும்.

அதைப் பிரித்தெடுக்க உதவுவதும் சோடியம்தான்!

எப்படி வேலை செய்கிறது?

- கண்ணாடிக் குழாய்க்குள் சூடான சோடியம் ஆவி இருக்கும். இரு முனைகளிலும் போலராய்டு போன்ற தகடுகள், ஒன்றுக்கொன்று குறுக்காக. சாதாரணமாக ஒளி அவற்றைத் தாண்டாது.

- குழாயைச் சுற்றிக் காந்தம். காந்தப்புலம் ஒளி அதிரும் திசையைத் திருப்பும். 1845இல் மைக்கல் ஃபேரடே கண்ணாடியில் கண்டறிந்தது இது.

- சோடியத்துக்கே உரிய 589 நானோமீட்டர் ஒளி மட்டும் சுமார் 90 பாகை திரும்பி வெளியே வரும். மற்ற நிறங்கள் அவ்வளவு திரும்பாது, உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

மேலே இருப்பதும் சோடியம், குழாயில் இருப்பதும் சோடியம். அதனால் நிறம் கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஏன் முக்கியம்?

சூரிய வெப்பத்தால் மேல் வளிமண்டலம் நாள் முழுதும் அலைபோல மாறிக்கொண்டே இருக்கிறது. இரவில் மட்டும் அளந்தால் பாதிக் கதைதான் தெரியும்.