ஆக்சிமீட்டர் 99 காட்டுது, அப்புறம் எதுக்கு ஆக்சிஜன்?

திருவண்ணாமலையில இருந்து பேசுறேன். கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கு. இந்த ஊர்ல உட்கார்ந்துகிட்டு டைவிங் பத்தி ஒரு எபிசோடான்னு நீங்க கேக்கலாம். காரணம் ரெண்டு. லீவு கிடைச்சா புதுச்சேரி போய் ஸ்கூபா பண்ணிட்டு வர்றவங்க இப்போ நிறைய. இன்னொண்ணு, கோயிலைச் சுத்தி கடைகள்ல விக்கிற சங்கு. அந்தச் சங்குக்குப் பேர்போன இடம் மன்னார் வளைகுடா. அங்க காலங்காலமா ஆளே கடலுக்கு அடியில இறங்கித்தான் அதை எடுக்குறாங்க.

தூத்துக்குடிப் பக்கம் இதைச் சங்கு குளிக்கிறதுன்னு சொல்வாங்க, முத்துக் குளிக்கிற மாதிரி. பழைய முறையில மூச்சை அடக்கிட்டு இறங்கி, ஒரு நிமிஷம், ஒண்ணரை நிமிஷத்துல மேல வந்துடணும். நெஞ்சுல இருக்கறது ஒரே ஒரு மூச்சுக் காத்து. பிறகு கம்ப்ரசர் வந்தது. படகுல மோட்டார் ஓடும், நீளமான ஹோஸ் வழியா காத்து கீழ போகும், டைவர் அதை வாயில கடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அடியிலயே வேலை பாக்கலாம். சங்கு கூடுதலா கிடைக்கும். கூடவே வேற ஒண்ணும் உடம்புல சேரும்: நைட்ரஜன்.

நாம சுவாசிக்கிற காத்துல 78 சதவீதம் நைட்ரஜன்தான். தரையில இருக்கும்போது அது நம்மளை ஒண்ணும் பண்ணாது. தண்ணிக்குள்ள ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 20 மீட்டர்ல மொத்தம் மூணு மடங்கு. (நம்ம ராஜகோபுரம் 217 அடி. 20 மீட்டர் ஆழம்ங்கிறது அதுல மூணுல ஒரு பங்குக்கும் கம்மி. பெரிய ஆழமே இல்ல.) அந்த அழுத்தத்துல நைட்ரஜன் ரத்தத்துலயும் கொழுப்புலயும் மூட்டுலயும் நிறைய கரையும். கோலி சோடாவை நினைச்சுக்கோங்க. கோலியைத் தட்டுற வரைக்கும் தண்ணி தெளிவா இருக்கும், தட்டினதும் நுரை பொங்கும். வேகமா மேல வர்ற டைவரோட உடம்புலயும் அதுதான் நடக்குது. குமிழி மூட்டுல வந்தா வலி, தோல்ல வந்தா அரிப்பு, தண்டுவடத்துல வந்தா கால் மரத்துப்போகும். மோசமானா இடுப்புக்குக் கீழ செயலே இருக்காது, சிறுநீர் கழிக்கக்கூட முடியாது. டீகம்ப்ரஷன் சிக்னஸ்னு பேரு. பேச்சுல ‘பெண்ட்ஸ்’.

பெரும்பாலும் இது மேல வந்த ஆறு மணி நேரத்துக்குள்ள தெரியும். அதாவது படகுல தெரியலாம், கரைக்கு வந்து சாப்பிடும்போது தெரியலாம், கார் ஓட்டிக்கிட்டு செஞ்சி தாண்டும்போதும் தெரியலாம்.

இங்கதான் கோவிட் நமக்குக் கத்துக்கொடுத்த பாடம் ஒண்ணு எதிரா வேலை செய்யுது. 2021-க்கு அப்புறம் எல்லார் மனசுலயும் பதிஞ்சது இது: விரல்ல ஆக்சிமீட்டர் மாட்டு, 94-க்குக் கீழ போனா ஆக்சிஜன், 98, 99-ன்னா ஒண்ணும் இல்ல. தோள் வலிக்குதுன்னு போற டைவருக்கும் 99 காட்டும். வலி மாத்திரையோட வீட்டுக்கு அனுப்பிடலாம்னு தோணும். ஆனா அந்தக் கருவி ரத்தச் சிவப்பணுல ஆக்சிஜன் எவ்வளவு ஏறியிருக்குன்னுதான் பாக்குது. நைட்ரஜனைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாது.

டைவருக்கு ஆக்சிஜன் கொடுக்கிறது ஆக்சிஜன் குறைஞ்சதுக்காக இல்ல. முக்கியமா, அதுல நைட்ரஜன் இல்லங்கிறதுக்காக.

தீபத்தன்னைக்கு ஒரே வாசல் வழியா கூட்டம் உள்ள வந்துக்கிட்டும் வெளிய போய்க்கிட்டும் இருந்தா எப்படி இருக்கும்? உள்ள வர்றவங்களை நிறுத்திட்டா, வெளிய போறவங்க மடமடன்னு போயிடுவாங்க. சாதாரணக் காத்தை இழுக்கிற ஒவ்வொரு மூச்சுலயும் நைட்ரஜன் உள்ள வந்துக்கிட்டே இருக்கு. சுத்த ஆக்சிஜன் இழுத்தா நுரையீரல்ல நைட்ரஜனோட அழுத்தம் கிட்டத்தட்ட பூஜ்யம் ஆயிடும். ரத்தத்துல கரைஞ்சிருக்கறது வேகமா வெளியேறும். ஏற்கனவே உருவான குமிழியில இருக்கற நைட்ரஜனும் கரைஞ்சு வெளிய வரும், குமிழி சுருங்கும். குமிழி அடைச்சதால பட்டினி கிடக்குற திசுவுக்கும் கூடுதல் ஆக்சிஜன் போய்ச் சேரும்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்ல. பிரான்ஸ்ல பால் பேர் என்கிற உடலியல் அறிஞர் 1878-லயே, குமிழி நைட்ரஜன்தான்னு காட்டி, அதுக்கு ஆக்சிஜன் சுவாசிக்கக் கொடுக்கலாம்னும் எழுதிட்டார். அழுத்தம் கூடின ஆக்சிஜனே வலிப்பை உண்டாக்கும்னு கண்டுபிடிச்சதும் அவரேதான். அதனால தண்ணிக்குள்ள 6 மீட்டருக்குக் கீழ சுத்த ஆக்சிஜன் சுவாசிக்கிறது ஆபத்து. அங்க வலிப்பு வந்தா வாயில இருக்கறது கழண்டுடும், மூழ்கிடுவாங்க. படகுல உட்கார்ந்து சுவாசிக்கிறப்ப அந்தப் பயம் இல்ல.

பலன் எவ்வளவு? 2007-ல வெளியான ஓர் ஆய்வுல 2,231 டைவர்களோட பதிவுகளைப் பாத்தாங்க. பாதிக்கும் கொஞ்சம் குறைவானவங்களுக்குத்தான் முதலுதவியா ஆக்சிஜன் கிடைச்சிருந்தது. அவங்கள்ல 14 சதவீதம் பேருக்கு அறிகுறி முழுசா போயிடுச்சு, 51 சதவீதம் பேருக்குக் குறைஞ்சது, அதுவும் ஆக்சிஜன் மட்டும் வச்சே. எனக்கு இதுல உறுத்துற எண் வேற: மேல வந்த பிறகு ஆக்சிஜன் கிடைக்க ஆன நேரம், நடுமதிப்பா நாலு மணி நேரம். சிலிண்டர் படகுலயே இருந்தா அது நாலு நிமிஷம்.

வலி போயிடுச்சேன்னு அதோட விட்டுடக் கூடாது, திரும்பி வரும். சரியான சிகிச்சை அழுத்த அறையில. அமெரிக்கக் கடற்படையோட ‘டேபிள் 6’ முறைதான் உலகம் முழுக்கப் பழக்கத்துல இருக்கு. அறைக்குள்ள 18 மீட்டர் ஆழத்துக்கு இணையான அழுத்தம் ஏத்தி, 20 நிமிஷம் ஆக்சிஜன், 5 நிமிஷம் காத்துன்னு மாத்தி மாத்திக் கொடுத்து, மெல்ல இறக்குவாங்க. மொத்தம் 4 மணி 45 நிமிஷம். அதுவரைக்கும், ஆம்புலன்ஸ்லயும் சேர்த்து, ஆக்சிஜன் ஓடிக்கிட்டே இருக்கணும். 108-ஐக் கூப்பிட்டா முதல்ல ‘டைவிங் போனேன், இத்தனை மணிக்கு மேல வந்தேன்’னு சொல்லுங்க. அந்த ஒரு வரி இல்லாட்டி, பாக்குற டாக்டருக்கு இது சாதாரண மூட்டுவலி.

கம்ப்ரசர் டைவர்கள்கிட்ட பல நாடுகள்ல இருக்கற ஒரு பழக்கம், வலிச்சா மறுபடி கீழ போயிடுறது. அழுத்தத்துல குமிழி சுருங்கும், வலியும் நிக்கும். ஆனா அங்கயும் சுவாசிக்கிறது காத்துதான். இன்னும் நைட்ரஜனை ஏத்திக்கிட்டு வர்றாங்க. வைத்தியம் மாதிரி தெரியுற அளவுக்கு அது வேலை செய்யுறதுதான் கொடுமை.

ஆரோக்கியமா மேல வந்த டைவரும் பாதுகாப்புக்காகக் கொஞ்ச நேரம் ஆக்சிஜன் சுவாசிக்கிறது உண்டு. அல்ட்ராசவுண்ட்ல பாத்தா குமிழி குறையுது. நல்லதுதான். ஆனா ‘ஆக்சிஜன் எடுத்துட்டேன், இன்னொரு டைவ் ஆழமா போலாம்’னு கணக்குப் போடக் கூடாது. ஒரு டைவ்னா 12 மணி நேரம், பல டைவ்னா 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாதுங்கிற விதியும் அப்படியேதான் இருக்கு. ஞாயிறு டைவ் பண்ணிட்டு அப்படியே ஏலகிரி போற பிளானும் அதுல அடங்கும். அது 1,100 மீட்டர் உயரம்.

கடைசியா சிலிண்டர் விஷயம். மூக்குல சொருகுற சின்னக் குழாய் இதுக்குப் போதாது, காத்தும் சேர்ந்து உள்ள போயிடும். வாயையும் மூக்கையும் இறுக்கமா மூடுற, பை வச்ச மாஸ்க் வேணும், நிமிஷத்துக்கு 15 லிட்டர் ஓடணும். 1,500 லிட்டர் பிடிக்கிற பி டைப் சிலிண்டர் அந்தக் கணக்குல 100 நிமிஷம் வரும். டைவிங் புக் பண்ணும்போது படகுல ஆக்சிஜன் இருக்கான்னு மட்டும் கேக்காதீங்க, எந்த மாஸ்க், எத்தனை நிமிஷத்துக்கு வரும்னும் கேளுங்க. படகுல இருக்கறவங்களுக்கு ஒண்ணு: மோட்டார் கிரீஸ் பட்ட கையோட அந்த வால்வைத் தொடாதீங்க. ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தா தீப்பிடிக்கும்.