ஜப்பானில் பதினோராம் வகுப்பு – 9: மேட்டுக்கு ஓடும் பாடம்

ஆறாவது பீரியட் முடிந்து மணி அடித்ததும் அங்கே யாரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதில்லை. நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைமேல் வைப்பார்கள். மேசைகளையெல்லாம் பின்சுவர் வரைக்கும் தள்ளுவார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு ஆரம்பிக்கும். கால் மணி நேரத்துக்குள் வகுப்பறை, தாழ்வாரம், படிக்கட்டு, கழிப்பறை அத்தனையும் கூட்டித் துடைத்தாக வேண்டும். எந்த வாரம் யாருக்கு எந்த இடம் என்ற அட்டவணை கரும்பலகைக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கும். நான் போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே என் பெயரும் அதில் ஏறிவிட்டது: வடக்குப் படிக்கட்டு.

துடைப்பதற்கும் ஒரு முறை இருந்தது. ஈரம் சொட்டாத அளவுக்குத் துணியை முறுக்கிப் பிழிந்து, நாலாக மடித்து, ஒரு மடிப்பு கறுத்ததும் அடுத்ததைத் திருப்பிப் போட்டு, மேல்படியிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வர வேண்டும். மூலையில் அப்பியிருக்கிற தூசியைத் துணிக்குள் விரலை விட்டுச் சுரண்டி எடுக்க வேண்டும். என்னோடு அதே படிக்கட்டில் இருந்தவள் பள்ளி வாலிபால் அணியின் கேப்டன். எங்கள் கணக்கு சார் ஒரு துடைப்பத்தோடு தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து கூட்டிக்கொண்டே வருவார். யாரும் யாரையும் ஏவவில்லை.

இதைப் படித்துவிட்டு, ‘நம் பள்ளிகளிலும் பிள்ளைகளைக் கூட்டச் சொல்லலாமே’ என்று யாராவது கிளம்பினால் அவர்களிடம் எனக்கு ஒரு வார்த்தை உண்டு. துடைப்பத்தை யார் கையில் கொடுப்பது என்பதை நம்மூரில் சாதிதான் காலகாலமாகத் தீர்மானித்துவந்திருக்கிறது. தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்த செய்தி வரும்போதெல்லாம் பெற்றோர் கொதிக்கிறார்கள், கொதிக்கத்தான் வேண்டும். நான் அங்கே மதித்தது அந்த அட்டவணையை. அதில் விலக்கு என்று ஒரு பெயர்கூடக் கிடையாது. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கும் மீன்பிடிக்கிறவர் வீட்டுப் பிள்ளைக்கும் கழிப்பறை முறை ஒரே மாதிரி வந்தது, ஆசிரியரும் குனிந்தார். அந்த அட்டவணை இல்லாமல் துடைப்பத்தை மட்டும் இறக்குமதி செய்தால் கேடுதான் வரும்.

இந்த வாரம்தான் தொடருக்குள் வருகிறவர்களுக்குச் சுருக்கமாக: 2018-ல் ஜப்பான் கல்வி அமைச்சகத்தின் நிதியில் ‘ஆசியா ககேஹாஷி’ என்ற திட்டம் தொடங்கியது. 20 ஆசிய நாடுகளிலிருந்து ஐந்தாண்டுகளில் ஆயிரம் பள்ளி மாணவர்களை அழைத்து அங்கேயே படிக்க வைப்பது ஏற்பாடு. ஏ.எஃப்.எஸ். என்ற மாணவர் பரிமாற்ற அமைப்பு அதை நடத்தியது. சென்னை பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டு குவார்ட்டர்ஸிலிருந்து அப்படிப் போனவள் நான். நிறைய பேருக்கு டோக்கியோ பக்கமோ ஒசாகா பக்கமோ கிடைத்தது. எனக்கு ஷிகொகு தீவின் தெற்குக் கரை, கோச்சி மாகாணம், குரோஷியோ பக்கம். ஜன்னலைத் திறந்தால் கடல். அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி, “அங்கயும் கடலா?”

அது மீன்பிடி ஊர். ஒற்றைத் தூண்டிலில் சூரை பிடிப்பதில் பேர்பெற்ற கரை. பட்டினப்பாக்கத்தில் சூரை என்றால் என் ஆயா கூடையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. “ரத்தம் ஜாஸ்திடி, கொழம்பே கருத்துப்பூடும்” என்று வஞ்சிரத்துக்கோ சங்கராவுக்கோ பேரம் பேசப் போய்விடும். அங்கே அந்த மீன்தான் ராஜா. வைக்கோலைக் கொளுத்தி, ஆளுயரம் எழும் தீயில் மீன் துண்டத்தை மேல்தோல் கருக வாட்டி, உள்ளே சிவப்பாக இருக்கும்போதே கனமாக அரிந்து, உப்பும் பூண்டுச் சீவலும் வைத்துக் கொடுப்பார்கள். அதே மீனை வேகவைத்துப் புகையூட்டிக் கட்டைபோல உலர்த்திச் சீவினால் சூப்புக்கெல்லாம் அடிப்படை. லட்சத்தீவிலும் இலங்கையிலும் மாசி என்று இடித்துப் போடுகிறார்களே, கிட்டத்தட்ட அதேதான். ஒகாசான், அதாவது நான் தங்கிய வீட்டு அம்மா, மதியச் சாப்பாட்டு டப்பாவில் சோற்றின்மேல் அந்தச் சீவலைத் தூவித் தருவார். சாப்பாட்டுக் கதையை முன்பே விரிவாக எழுதிவிட்டதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்த வாரம் சொல்ல வேண்டியது வேறு.

2012 மார்ச்சில் ஜப்பான் அரசு ஒரு கணிப்பை வெளியிட்டது. நன்காய் கடற்பள்ளத்தில் மிகப் பெரிய பூகம்பம் வந்தால் குரோஷியோவில் சுனாமி அலை 34.4 மீட்டர்வரை எழலாம். நாட்டிலேயே அதுதான் அதிக உயரம். பத்து மாடிக் கட்டடத்தையும் தாண்டும் அலை, அதுவும் பூகம்பம் அடங்கிய சில நிமிடங்களில் கரையைத் தொடத் தொடங்கும். வயதானவர்கள் பலர் அந்தச் செய்தியோடு மனசை விட்டுவிட்டார்கள். ‘அவ்வளவு பெரிய தண்ணி வந்தா ஓடித்தான் என்ன ஆகப்போகுது, வீட்டோடயே போயிடலாம்’ என்ற பேச்சு. அந்தப் பேச்சோடுதான் நகராட்சி மல்லுக்கு நின்றது. எந்த வேலை பார்க்கிற ஊழியரானாலும் அவருக்கென்று ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுத்தார்கள். தெருத் தெருவாகக் கூட்டம் போட்டு, அலை வரக்கூடிய பகுதியில் வீட்டுக்கு ஒரு தாள் எழுதி வாங்கினார்கள்: வீட்டில் யார் யார், எந்த மேட்டுக்குப் போவீர்கள், எந்த வழியாக, எத்தனை நிமிடம், யாருக்குத் துணை வேண்டும். சாகா என்ற பகுதியில் சுமார் 25 மீட்டர் உயரத்துக்கு ஒரு தஞ்சக் கோபுரம் எழுந்தது. 2014-ல் பேரிடர் காலத்துக்கான உணவை டப்பாவில் அடைக்கும் ஆலை ஒன்றையும் ஊர் தொடங்கியது. டப்பாமேல் 34 என்ற அந்த எண்ணையே முத்திரையாகப் போட்டார்கள்.

என் வீட்டு ஒபாச்சானுக்கு, அந்தப் பாட்டிக்கு, இந்தக் கணிப்பெல்லாம் தேவைப்படவில்லை. 1946 டிசம்பர் 21 விடியற்காலை நாலேகால் மணிக்கு இதே கடற்பள்ளத்தில் வந்த பூகம்பத்தின்போது அவருக்கு எட்டு வயது. அப்பா முதுகில் தூக்கிக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஓடியதையும் கீழே இருட்டில் மரம் முறிகிற சத்தம் கேட்டதையும் சொல்வார். ஒவ்வொரு முறையும் அதே சொற்களில் சொல்வார். பேரப்பிள்ளைகளுக்கு மனப்பாடமாகியிருந்தது. அப்படி மனப்பாடமாக வேண்டும் என்றுதான் சொன்னாரோ என்று இப்போது தோன்றுகிறது.

நவம்பர் 5-ஐ ஒட்டி எங்கள் பள்ளியில் ஒத்திகை நடந்தது. அந்தத் தேதிக்கு ஒரு கதை உண்டு. 1854-ல் வாகயாமா கரையில் சுனாமி வந்தபோது ஹமாகுச்சி கோர்யோ என்பவர், அறுத்து அடுக்கிய வைக்கோல் போர்களுக்கு இருட்டில் தீ வைத்து, அந்த வெளிச்சத்தில் ஊராரை மேட்டுக்கு ஏற்றினார். 2015-ல் ஐ.நா. பொதுச்சபை அந்தத் தேதியை உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக அறிவித்தது. அடுத்த ஆண்டே 30 நாட்டுப் பள்ளி மாணவர்கள் கூடிப் பேசிய முதல் மாநாடு இந்தக் குரோஷியோவில்தான் நடந்தது.

ஒலிபெருக்கியில் அபாய ஒலி. அடுத்த நொடி முப்பத்துச் சொச்சம் பேரும் மேசைக்கு அடியில். தலையை உள்ளே நுழைத்து இரண்டு கையாலும் மேசைக் கால்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆட்டத்தில் மேசை நகர்ந்தால் நாமும் கூடவே நகர்ந்து அதன் நிழலிலேயே இருப்போம். கதவுப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் கதவைத் திறந்துவைப்பான், சட்டம் கோணிக்கொண்டு சிக்கிவிடாமல் இருக்க. ஆட்டம் நின்றதாக அறிவிப்பு வந்ததும் பின்பக்க மலைப்படி. படி ஏறுவதற்கு முன்னால் ஒரு கிளைப் பாதை. அங்கே மழலையர் பள்ளிக் குழந்தைகள் காத்திருப்பார்கள். யார் எந்தக் குழந்தையின் கையைப் பிடிப்பது என்பதற்கும் பெயர்ப் பட்டியல். வாலிபால் கேப்டன் கையில் ஒன்று, என் கையில் ஒன்று. மேலே போய்ச் சேர்ந்ததும் மாணவர்களே தலை எண்ணி, மாணவர்களே நேரம் குறித்து, போன முறையைவிட எங்கே தாமதம் என்று பேசினார்கள். ஒரு கைப்பிடிக் கம்பி துருப்பிடித்து ஆடியது. அதை ஒருத்தி குறிப்பேட்டில் எழுதினாள். அடுத்த வாரம் புதுக் கம்பி.

தினமும் கால் மணி நேரம் அந்தக் கட்டடத்தைத் தேய்த்துத் துடைத்த பிள்ளைகளுக்கு அதன் ஒவ்வொரு படியும் தெரிந்திருந்தது. எது வழுக்கும், எது குறுகல், எந்தக் கதவு சிக்கும் என்று ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை. துப்புரவு அட்டவணைக்கும் ஒத்திகைப் பட்டியலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தை நடத்துவதில் பிள்ளைகளுக்குப் பங்கு இருந்தது. ஆகவே அதைக் காப்பாற்றுவதிலும் இருந்தது.

அது வெறும் பழக்கமல்ல என்பதற்கு காமாய்ஷி சாட்சி. 2011 மார்ச் 11 பிற்பகல் 2.46-க்கு வடகிழக்கு ஜப்பானை 9 அளவுக்கு உலுக்கிய பூகம்பம். காமாய்ஷி நகரின் உனோசுமாய் பகுதியில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் முதலில் மூன்றாம் மாடிக்குத்தான் போனார்கள். பக்கத்து நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் உத்தரவுக்குக் காத்திராமல் மேட்டை நோக்கி ஓடுவதைப் பார்த்து அவர்களும் இறங்கி ஓடினார்கள். பெரியவர்கள் சின்னவர்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். குறித்து வைத்திருந்த இடத்தை அடைந்தும் நிற்கவில்லை. பின்னால் மலைச்சரிவு இடிந்திருப்பதைப் பார்த்து இன்னும் மேலே, அங்கிருந்தும் மேலே. இரண்டு பள்ளிகளும் மூழ்கின. ஓடிய சுமார் 600 பிள்ளைகளும் பிழைத்தார்கள். கதாதா தோஷிதாகா என்ற பேராசிரியர் பல ஆண்டுகளாக அந்த நகரப் பள்ளிகளுக்குப் போய், வரைபடத்தை நம்பி நிற்காதே, முதல் ஆளாக ஓடு என்று சொல்லிக்கொடுத்துவந்தார்.

ஜப்பான் என்றாலே எல்லாம் சரியாக நடக்கும் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அதே நாளில் இஷினோமாகியின் ஓகாவா ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகளை ஏறக்குறைய ஐம்பது நிமிடம் மைதானத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே மலை. 74 பிள்ளைகள் போனார்கள்; 10 ஆசிரியர்களும். பெற்றோர் வழக்குப் போட்டு, 2019-ல் உச்ச நீதிமன்றம்வரை போய் ஜெயித்தார்கள். எங்கள் ஆசிரியர் ஓகாவாவின் கதையையும் மறைக்காமல் வகுப்பில் சொன்னார். அன்றைக்கு யாரும் பேசவில்லை.

நான் பட்டினப்பாக்கத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். 2004 டிசம்பர் 26, ஞாயிறு. எனக்கு இரண்டு வயது. எங்கள் பேட்டையின் சீனிவாசபுரத்துக் குடிசைகளை வரிசை வரிசையாக அலை வாரிக்கொண்டு போனது. சுமத்ராவில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29. சென்னைக் கரையை அலை தொட்டது ஒன்பது மணிவாக்கில். இரண்டரை மணி நேரம்! குரோஷியோக்காரர்களுக்கு நிமிடக் கணக்கு; நமக்கு இவ்வளவு அவகாசம் இருந்தும் சொல்ல ஆள் இல்லை. அந்தக் குறையை 2007-ல் ஹைதராபாத்தில் தொடங்கிய சுனாமி எச்சரிக்கை மையம் தீர்த்துவைத்தது. மிச்சம் இருப்பது கடைசி ஒரு கிலோமீட்டர். 2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமத்ரா அருகே 8.6 அளவுக்குப் பூகம்பம் வந்து எச்சரிக்கை விட்டபோது எனக்கு ஒன்பது, பத்து வயது. நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாதிப் பேர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சாந்தோம் பக்கம் ஓடினார்கள். மீதிப் பேர் கடலைப் பார்க்க மணலுக்குப் போனார்கள். அன்று பெரிய அலை வரவில்லை. வந்திருந்தால்?

நம்மால் ஆகாது என்று சொல்ல வழியில்லை. ஒடிசாவில் வெங்கட்ராய்ப்பூர், நொளியாசாஹி என்ற இரண்டு கடலோர ஊர்கள் 2020-லேயே ‘சுனாமிக்குத் தயாரான ஊர்’ என்று யுனெஸ்கோவின் கடலியல் ஆணையத்திடம் அங்கீகாரம் வாங்கின. 2024-ல் அந்த மாநிலத்தில் 24 கிராமங்கள் வாங்கின. தப்பிக்கும் வழிக்கு வரைபடம், பெயர்ப்பலகை, ஊர்க் குழு, தவறாத ஒத்திகை இவைதான் தேவை. கோடிக்கணக்கில் செலவு பிடிக்கிற சமாச்சாரம் அல்ல.

நம் பேட்டைக்கு என்று ஒரு சிக்கல் உண்டு: மலை கிடையாது. ஒரு பக்கம் கடல், தெற்கே அடையாறு முகத்துவாரம், மிச்சமெல்லாம் தட்டைத் தரை. உள்நோக்கி மந்தைவெளி பக்கம் நடக்க வேண்டும், முடியாதவர்கள் உறுதியான கட்டடத்தின் மேல்மாடிக்கு ஏற வேண்டும். சீனிவாசபுரத்தின் கடைசித் தெருவிலிருந்து சாந்தோம் நெடுஞ்சாலைவரை ஒரு பாட்டியோடும் கைக்குழந்தையோடும் நடக்க எத்தனை நிமிடம்? எந்தச் சந்தில் மீன்பாடி வண்டி நின்றால் வழி அடைபடும்? எந்தக் கட்டடத்தின் மொட்டைமாடிக் கதவு பூட்டியே கிடக்கிறது, சாவி யாரிடம்? இதெல்லாம் இங்கேயே ஓடியாடும் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். சுற்றுவட்டாரப் பள்ளிகளின் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் ஒரு கடிகாரமும் தாளும் கொடுங்கள் என்று கேட்கிறேன். ஒரே மாதத்தில் இந்தக் கரையின் வரைபடம் தயாராகிவிடும்.

2024 ஆகஸ்ட் 8-ம் தேதி ஹ்யூகா கடலில் 7.1 அளவுக்குப் பூகம்பம் வந்து, நன்காய் பெரும்பூகம்ப எச்சரிக்கையை ஜப்பான் முதல்முறையாக விடுத்தது. பதறிப்போய் ஒகாசானைக் கூப்பிட்டேன். அவர் குரலில் பதற்றமே இல்லை. வீட்டுத் தாளை எடுத்து, ஒபாச்சானின் நடை குறைந்துவிட்டதால் பழைய நிமிடக் கணக்கை அடித்துத் திருத்திக்கொண்டிருந்தாராம். முன்பு தனியாக ஏறியவருக்கு இப்போது துணை என்ற இடத்தில் பக்கத்து வீட்டு மாணவன் பெயர். “உங்க வீட்டுத் தாள்ல என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டார்.

எழுதினேன். எங்கள் பிளாக்கில் எட்டு வீடு. தரைத்தளத்தில் இருக்கிற லட்சுமி பாட்டிக்கு முட்டி வலி, படி ஏற முடியாது. இரண்டாம் மாடிப் பையன்கள் இருவர் நாற்காலியோடு தூக்குவதாக ஒப்புக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தூக்கியும் பார்த்தார்கள். முதல் திருப்பத்தில் நாற்காலிக் கால் சுவரில் இடித்தது. கை வைத்த நாற்காலி ஆகாது, பிளாஸ்டிக் ஸ்டூல்தான் சரி என்று தெரிந்தது. மொட்டைமாடிச் சாவி மூன்றாம் மாடி வீட்டில் இருந்தது. அவர்கள் அடிக்கடி ஊருக்குப் போய்விடுகிறவர்கள். இன்னொரு சாவி வெட்டி மீட்டர் பெட்டிக்குள் மாட்டியாகிவிட்டது. பாட்டி மேலே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: “அடுத்த வாட்டி எப்பப்பா?”

(தொடரும்)

அடுத்த வாரம்: பள்ளிக் கலைவிழாவில் நான் போட்ட சாம்பார் கடை