ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் ஊசி!

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்” என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? அதிலும் செங்கல்லை நாமே அடுக்கிக் கட்டுவதென்றால் கேட்கவே வேண்டாம். சமையல், குழந்தை, பள்ளிக்கூடம் எல்லாம் போக மிச்சமிருக்கும் நேரத்தையும் அது விழுங்கிவிடும். முதலில் பலியாவது நம் கைவேலைதான். “வீடு முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்” என்று பரணில் ஏறிய எம்பிராய்டரி வளையம் எத்தனை வீட்டில் கீழே இறங்கியிருக்கிறது, சொல்லுங்கள்!

சரவணம்பட்டியில் எங்கள் வீட்டுப் பின்புறம், மூட்டு வலியால் மாடிப்படி ஏற முடியாத மாமியாருக்காக ஓர் அறை கட்டினோம். ஆள் கூலி கட்டுப்படியாகவில்லை. அஸ்திவாரம், மேல்தளம், மின்சார வேலை மூன்றையும் தெரிந்தவர்களிடம் விட்டுவிட்டு, சுவரும் பூச்சும் நானும் வீட்டுக்காரருமாகச் செய்தோம். எங்கள் ஊர் 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. அதனால் அனுமதி வாங்கிய பிறகே கடைக்கால் தோண்டினோம். நீங்களும் அதை மறக்க வேண்டாம்.

கோவையில் பிறந்தவர் காட்டிய வழி

கலையும் கட்டட வேலையும் ஒத்துப்போகாது என்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் சோழமண்டலம். 1911-ல் நம் கோயம்புத்தூரில் பிறந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், சென்னை கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். ஓவியம் விற்று மட்டும் பிழைக்க முடியாது என்று கண்ட அவரும் இளம் கலைஞர்களும் துணியில் மெழுகு எழுதிச் சாயம் தோய்க்கும் பத்திக் வேலை செய்து விற்றார்கள். அப்படிச் சேர்த்த பணத்தில் ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கி, 1966-ல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உண்டாக்கினார்கள். குடிசையும் வீடும் தாங்களே எழுப்பிக்கொண்டார்கள். மடித்து எடுத்துப்போகக்கூடிய துணிதான் அவர்களுக்கு மனையும் கூரையும் தந்தது! பணிக்கர் 1977-ல் காலமானார். கிராமம் இன்றும் இருக்கிறது.

காத்திருக்கும் நேரம் நம் நேரம்

கட்டட வேலையில் பாதி காத்திருப்புதான். ஒரே நாளில் மூன்று, நாலடிக்கு மேல் சுவர் எழுப்பக் கூடாது. சிமெண்ட் சுவருக்குக் குறைந்தது 7 நாளாவது தண்ணீர் விட்டு ஈரமாகவே வைக்க வேண்டும். இப்போது பெரும்பாலும் கிடைக்கும் கலப்பு சிமெண்ட்டுக்கு 10 நாள். இந்த நாட்களில் கொத்துக்கரண்டிக்கு வேலை இல்லை, ஊசிக்கு உண்டு!

ஞாயிறன்று சுவர், மற்ற நாளில் காலை, மதியம், மாலை தண்ணீர். ஒவ்வொரு முறையும் தண்ணீர் விட்ட கையோடு இருபது நிமிடம் தையல். இதுதான் நான் வைத்துக்கொண்ட கணக்கு.

அதற்கேற்ற கலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். பெரிய சேலையை விரித்தால் சிமெண்ட் தூசி படியும். ஒரு சாண் சதுரத் துணி, கைக்கு அடங்கிய வளையம், ஐந்தாறு நிற நூல், சின்னக் கத்தரிக்கோல் – எல்லாம் ஒரு டிபன் டப்பாவுக்குள் அடங்கிவிடும். ஒரு சதுரத்தில் சேவல், ஒன்றில் காங்கேயம் காளை, ஒன்றில் தென்னை. காம்புத் தையலும் சங்கிலித் தையலும் போதும். பள்ளி வாசலிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும்கூடப் போடலாம். ஒன்பது சதுரம் சேர்ந்தால் ஓர் அழகான சுவர்த் தொங்கல்.

“ஏ அம்மிணி, கலவை புடிச்ச கையில ஊசி புடிச்சா நூல் சிக்காதா?” என்றார் மாமியார். நியாயமான கேள்வி! ஈரச் சிமெண்ட் தோலை அரித்து வெடிக்க வைக்கும். ரப்பர் கையுறை இல்லாமல் கலவையைத் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, இரவில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கண்ணில் பட்டால் விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவி, உடனே டாக்டரிடம் போங்கள். 50 கிலோ மூட்டையைத் தனியாகத் தூக்கவே வேண்டாம். பாண்டில் அளவாக அள்ளுங்கள்.

இளம் தாய்மார்களே, இன்னொன்று: தண்ணீர்த் தொட்டியும் வாளியும் எப்போதும் மூடியிருக்கட்டும். தவழும் குழந்தைக்கு அரை வாளித் தண்ணீரே ஆபத்து. ஊசியை எண்ணி எடுத்து, எண்ணி வையுங்கள்.

விட்டுக்கொடுக்க வேண்டாம்

தளம் போடும் மாதத்தில் வேலை நெருக்கியது. “இந்த ஒரு மாசம் ஊசியை ஓரமா வெச்சிரேன்” என்றார் வீட்டுக்காரர். “சுவத்துக்குத் தினமும் தண்ணி ஊத்தறோமல்லங்க? எனக்கும் கொஞ்சம் வேணுமுங்க” என்றேன். அவர் சிரித்துவிட்டு, அன்றைக்குச் சாயங்காலத் தண்ணீரைத் தானே விட்டார். அந்த மாதம் இருபது நிமிடம் பத்து ஆயிற்று. நிற்கவில்லை.

தொங்கலைப் பக்கத்துத் தெருக் குடும்பம் விலைக்குக் கேட்டது. அந்தப் பணத்தில் அறைக்கு ஒரு ஜன்னல் வாங்கினோம். மாமியார் இப்போது அதன் ஓரத்தில்தான் கட்டில் போட்டிருக்கிறார். காற்று நன்றாக வருகிறதாம்.

வீட்டில் கட்டட வேலை நடக்கிறதா? பரணில் இருக்கும் வளையத்தை இன்றைக்கே இறக்குங்கள். ஒரு சாண் துணி போதும், தொடங்கிவிடலாம்.